லால்பாக் பாறையில் நின்று நின்று

கல்யாணமான நான்காம் மாதம் என் கணவர் என்னைப் பெங்களூர் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனார். தங்கவயல் சுரங்கத்தில் அவருக்குப் பத்து வருஷ வேலை. நான் அதுவரை பெரிய பட்டணம் எதையும் பார்த்ததில்லை. விதான சௌதா கட்டி முடித்த புதிது.

புறப்படுவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டு அக்கா யோசனைகளாக அடுக்கினாள். "புதுச் செருப்பு போட்டுக்கினு போவாத, கடிக்கும். ஸ்டேஷன்ல யாரு வந்து பேசினாலும் பையைக் குடுக்காத. காலையிலயே லால்பாக் பாறை மேல ஏறிடுங்க, வெயில் வந்துட்டா கால் வெக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரை வேகமா நடக்க வெக்காத" என்றாள். ஏன் என்று கேட்டேன். பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

பாறை ஒன்றும் செங்குத்தானதில்லை. குழந்தைகள் ஓடி ஏறிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் அவர் நின்றார். "அதோ பாரு, ஏரி." பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ஏறியதும் மறுபடி நின்று, "மேல கோபுரம் தெரியுதா?" என்றார். எல்லாவற்றையும் எனக்குக் காட்ட இத்தனை ஆசையா என்று பூரித்துப்போனேன். மூன்றாவது முறை கையை மட்டும் நீட்டினார். பேச்சு வரவில்லை. அவர் நீட்டிய பக்கம் வெறும் மரங்கள்தான் இருந்தன.

அங்கே கூடை வைத்துக் கடலை விற்ற அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடலை வாங்கக் குனிந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"உங்க ஊட்டுக்காரரு மைன்ஸ்ல வேலையா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"எங்க அண்ணனும் அங்கதான் இருந்தாரு. இப்பிடித்தான் நின்னு நின்னு ஏறுவாரு. கல்லுத்தூசி நெஞ்சுல அடைச்சு, போய்ச் சேந்துட்டாரும்மா."

என் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். இன்னொரு பிடி கடலையை அள்ளிப் பொட்டலத்தில் போட்டாள்.

அதன் பிறகு கப்பன் பார்க், விதான சௌதா எல்லாம் போனோம். எதுவும் மனதில் பதியவில்லை. அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

திரும்பும் ரயிலில், "டாக்டர்கிட்ட காட்டலாங்க" என்றேன்.

"அவரு பாத்தா சுரங்கத்துக்குள்ள எறங்க விட மாட்டாரு. வேலை போயிடும். நீ யாருகிட்டயும் சொல்லிடாத."

சரி என்றேன். திங்கட்கிழமை சுரங்கத்துச் சங்கு ஊதியதும் சோற்றுத் தூக்கை எடுத்துக் கொடுத்தேன். ஐந்து வருஷம் அப்படியே கொடுத்தேன். ஆறாம் வருஷ மழைக்காலத்தில் படுத்தவர் எழவில்லை. இரண்டு பெண் குழந்தைகள், சின்னவள் அப்போது பால்குடி மறக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று ஒரு நாளாவது அவரோடு சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை.