எந்தத் தேதிக்குள்ள?

விடுதியில் எல்லோரும் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சமூகப்பணி இரண்டாம் ஆண்டு மாணவி. மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழ் தரும் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாதவர்களை உறவினர்கள் முதுகில் சுமந்து ஏறுவதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. போன வருடம், சான்றிதழ் தரும் மேஜையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றக் கேட்டு மனுவோடு போனபோது அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆத்திரத்தில் இவள் கத்த, வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இந்த வருடம், வாயே திறக்காத ஒரு முதலாண்டுக்காரியைத் தேடிப் பிடித்தாள். சாப்பாட்டு அறையில் தானே அதிகாரியாக உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, போனை நோண்டி, அவளைத் தினமும் பேசவைத்தாள்.

"அவரு எரிச்சல் மூட்டுவாருடி. நீ கேள்விய மட்டும் விட்றாத."

இருவரும் மனுவோடு போன அன்று அதிகாரி, "மனுவ வச்சிட்டுப் போங்கம்மா, பாக்கலாம்" என்றார்.

"எந்தத் தேதிக்குள்ளன்னு எழுதிக் குடுங்க சார். எழுதித் தர்ற வரைக்கும் இங்கயே நிக்கிறோம்" என்றாள் முதலாண்டுக்காரி. குரல் நடுங்கியது, ஆள் நகரவில்லை. மிளகாய் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அரை மணி கழித்து அவர் தேதியை எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் சான்றிதழ் தரும் மேஜை கீழ்த்தளத்துக்கு வந்தது. முதலாண்டுக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. மிளகாய்க்குச் சிரிப்பே வரவில்லை.

"ஒரு மேஜைய ரெண்டு பேரு தூக்கி எறக்கினா முடிஞ்சிருக்கும். அதுக்கு இத்தன வருஷமா மனுஷங்கள சுமக்க விட்டிருக்காங்களே" என்றாள்.