முட்டுக்கொடுத்த உலக்கை

நாற்பத்திரண்டு தட்டு. இராஜபாளையம் நூல் மில்லில் மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் பரிபூரணம் அவற்றை மூன்று முறை எண்ணிவிடுவாள். அடுப்பைப் பார்ப்பாள், வாசலுக்குப் போய் மில் கேட்டைப் பார்ப்பாள், திரும்பி வந்து மறுபடி எண்ணுவாள். அவளுடைய சோற்றுக்கடையில் இரண்டு பெஞ்சு உண்டு. அவள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "உக்காந்தா எந்திரிக்க மனசு வராதுல்லா" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் நாலு எட்டு தள்ளிப் போயிருப்பாள்.

பிறந்தது பக்கத்துச் சோழபுரம். பதினாறு வயதுவரை கம்பஞ்சோறு. 1927இல் கல்யாணமாகி இராஜபாளையம் வந்த அன்று புருஷன் வீட்டில் ரங்கூன் அரிசிச் சோறு போட்டார்கள். இனிமேல் கம்பைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். புருஷன் காய்ச்சலில் போனபின் மில் வாசலில் கடை போட்டாள். மில்லுக்கு வந்த ஆட்களும் அவள் மாதிரிதான், கம்பும் சோளமும் தின்று வளர்ந்தவர்கள், சம்பளக்காரர்களானதும் "நெல்லுச்சோறுதானக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவார்கள். தாய் வீட்டிலிருந்து வந்த உலக்கையைக் கடை முன்னிருந்த கீற்றுக் கொட்டகைக்கு முட்டுக்கொடுத்தாள். உரலைக் கவிழ்த்துத் தண்ணீர்க் குடம் வைத்தாள்.

சண்டையில் ரங்கூன் விழுந்தது. அரிசிக் கப்பல் நின்றது. இந்த வருஷம், 1943 ஆடியில், ரேஷனில் அவள் கடைக்குக் கிடைத்தது கோதுமை. அரிசி பேருக்குத்தான். அல்வாவில் தவிர கோதுமையை அவள் கண்டதில்லை. அரிசியைப் போலவே களைந்து, உலையில் போட்டு, கஞ்சி வடிக்கப் பானையைச் சாய்த்தாள். கலங்கல் தண்ணீர் வடிந்தது. மணிகள் மட்டும் விறைத்துக் கிடந்தன.

நூல் நூற்கும் பகுதியில் வேலை பார்க்கும் சமுத்திரம்தான் பெஞ்சுக்கு வாய். அவன் ஒரு வாய் மென்றான், வெகுநேரம் மென்றான்.

"மில்லுல அரைபடுறது பத்தாதா பூரணக்கா? இங்க வந்து பல்லாலயும் அரைக்கணுமா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் வைகுண்டராஜ் சோற்றுக்கடையில் பழைய அரிசி இன்னும் இருப்பில் இருந்தது. மறுநாள் முப்பத்தொரு தட்டுதான் நனைந்தது. அதற்கு மறுநாள் இருபத்துமூன்று. இந்தக் கணக்கில் போனால் அடுத்த வாரம் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

அன்று கடை ஓய்ந்ததும் அவள் கொட்டகைக்கும் அடுப்புக்குமாகப் பத்து நடை நடந்தாள். பிறகு குடத்தை இறக்கினாள். உரலை நிமிர்த்தினாள். கொட்டகையின் காலடியில் குனிந்து உலக்கையை உருவினாள். கீற்று ஒரு பக்கம் தொங்கியது.

கோதுமையில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, கம்புக்குக் குத்துகிற மாதிரியே குத்தினாள். தவிட்டைப் புடைத்துத் தள்ளி மறுபடி குத்தினாள். குருணை வேறு, மாவு வேறாகச் சலித்தாள். காலையில் குருணையை முதலில் வேகவிட்டு, மாவைக் கரைத்து ஊற்றி, துடுப்பு நிற்கும்வரை கிண்டினாள். கம்பஞ்சோற்றை உருட்டுவதுபோல ஈரக் கையால் உருட்டி வைத்தாள். பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு. இது இன்னதென்று யாரிடமும் சொல்லவில்லை.

சங்கு ஊதியது. தொங்கிய கீற்றுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். தட்டில் விழுந்த உருண்டையைச் சமுத்திரம் பார்த்தான். அக்கம்பக்கம் பார்த்தான். சம்பளம் வாங்குகிறவன் இதைத் தின்பதா என்ற யோசனை அவன் முகத்தில் ஓடியது. பரிபூரணம் முதல்முறையாக ஒரே இடத்தில் நின்றாள்.

அவன் கட்டைவிரல் உருண்டையின் நடுவே ஒரு குழி அழுத்தியது. குழம்பு ஊற்றக் காத்திருக்கும் குழி. வரிசையில் ஒவ்வொரு கட்டைவிரலாக இறங்கியது. அவள் குழம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இரண்டாவது உருண்டை பாதியில் இருக்கும்போது சமுத்திரம், "கொஞ்சம் மோரு இருக்காக்கா?" என்றான்.

திங்கட்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ரேஷனில் கொஞ்சம் அரிசி கூடப் போடுகிறார்களாம் என்று சேதி கொண்டுவந்தவனும் சமுத்திரம்தான். கை கழுவிவிட்டு வெளியேறும்போது தலை கீற்றில் இடித்தது.

"அரிசிதான் வருதுல்லா. பொறவென்ன, உலக்கையப் பழைய இடத்துல நட்டிருங்கக்கா. தலைய இடிக்கிது."

"பாப்பம்லே" என்றாள், தட்டுகளை எண்ணிக்கொண்டே.

மறுநாள் காலையில் கொட்டகை நிமிர்ந்திருந்தது. அதைத் தாங்கி நின்றது புது மூங்கில்.