ஏலக்காய்த் தராசில் என் மகன்

ஐம்பதுகளில் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் கணக்கராக இருந்தேன். காய்ந்தால் எடை குறையும். அதற்கு இவ்வளவு குறையலாம் என்று ஒரு கழிவு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பேன். பி.ஏ. படித்ததற்கு அந்த வேலைதான் கிடைத்தது. நன்றாகவே செய்தேன்.

மனைவிக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிள்ளை தோட்டத்து வீட்டிலேயே பிறந்தான். அன்றே அவனைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்த் தராசுத் தட்டில் வைத்தேன். துணியின் எடையைக் கழித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மறுபடி வைத்தபோது கால் ராத்தல் குறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியை விசாரித்தேன்.

"பால் குடுக்கிறியா, இல்லையா?"

"குடிச்சிட்டுத்தான தூங்குறான். நீங்க தட்டுல போட்டுத்தான் அழ வைக்கிறீக."

"அப்ப குறைஞ்சது எங்க போச்சு?"

"நாந்தான் முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன். வந்து சோதனை போடுங்க."

பால்பவுடர் டப்பா வரவழைத்தேன். நானே கலந்து புட்டியில் கொடுத்தேன். வயிறு நிறைந்த பையன் அவளிடம் குடிக்க மறுத்தான். எடை ஏறியது. ஏறிய எடையை ஒவ்வொரு முறையும் அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் பதில் பேசுவதை நிறுத்தினாள்.

ஒருநாள், "போடி பஸ்ஸுல மல்லியப்பூ வரும், நெறைய வாங்கியாங்க" என்றாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று பந்து பந்தாக வாங்கி வந்தேன். தலையில் வைப்பாள் என்று நின்று பார்த்தேன். அவள் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பால் கட்டி வலித்ததாம். பூ கட்டினால் வற்றிவிடும் என்று கூலிக்காரர் குடியிருந்த லயத்துப் பெண்கள் சொன்னார்களாம். வற்றிவிட்டது.

சில வாரம் கழித்துத் தோட்டத்துக்கு வந்த டாக்டரிடம், வேறு யாருடைய குழந்தையைப் பற்றியோ கேட்பதுபோலக் கேட்டேன். பிறந்த குழந்தை எதுவும் முதல் சில நாள் கொஞ்சம் எடை குறையும், பால் நன்றாக ஊறியதும் இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிடும், ரொம்பக் குறைந்தால்தான் கவலை என்றார். காய்க்கு நான் கொடுத்த கழிவுதான்.

அதை அவளிடம் சொல்லவில்லை. பிற்காலத்தில் மருமகள்களிடம் அவளே சொல்வாள்: "மூத்தவனுக்கு எங்கிட்டப் பால் பத்தலம்மா. இவுகதான் எடை போட்டுக் கண்டுபிடிச்சாக. இல்லன்னா பிள்ளை தங்கியிருக்க மாட்டான்."

பக்கத்தில் நான் காப்பி குடித்துக்கொண்டிருப்பேன்.

இதை எழுதும்போது அவள் இல்லை. இருந்தபோது எழுதியிருக்கலாம்.