தரையோடு வைத்த கோடிக் கட்டுகள்

“துணி என்ன மீன் துண்டமா, பிள்ளே? காத்த உறிஞ்சிக் கவருக்குள்ள அடைக்க?”

வேக்குவம் பேக்கிங் பற்றி நான் முதலில் பேசியபோது முதலாளி அண்ணாச்சி கேட்டது இது. ஆரியசாலையில் அவருடையது மொத்தத் துணிக்கடை. அங்கே ஸ்டாக் என் பொறுப்பு. அதே தெருவில் மூட்டை சுமப்பவர் என் அப்பா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பேக்கேஜிங்கில் டிப்ளமோவும் உண்டு. அதனால் விடவில்லை. காற்றை எடுத்துவிட்டால் ஒரு கட்டு இருந்த இடத்தில் இரண்டு அடங்கும், பூச்சியும் மழைக்கால ஈரமும் அண்டாது என்றேன்.

“கசவு மடிப்புல ஒடிஞ்சா யாரு வாங்குவா?”

நியாயமான கேள்வி. கசவு என்பது துணியின் ஜரிகைக் கரை; அதை முழுதாக அழுத்தக் கூடாது. பாதிக் காற்றை மட்டும் எடுத்து சீல் வைக்கலாம் என்றேன். கசவு வைத்த ஓணச் சரக்கில் கைவைக்க அவர் விடவில்லை.

“வேணும்னா கோடியில செய்து பாரு. அதைப் போத்துதவன் குறை சொல்ல வரமாட்டான், கேட்டியா?”

கடையே சிரித்தது. கோடி என்பது இறந்தவர்மேல் உறவினர் போர்த்தும் புதுத்துணி. மெஷின் வந்தது. நன்றாகக் காய்ந்த கோடிக் கட்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துணியையும் தனிப் பாக்கெட்டாக அடைத்தேன். சீல் ஓரத்தை விரலால் நெருடி நெருடிப் பார்த்தேன். கோடவுனில் எல்லாவற்றுக்கும் அடியில், தரையோடு அந்தக் கட்டுகளுக்கு இடம் கிடைத்தது.

ஓணத்துக்கு முந்தைய மழையில் ஓடை பொங்கி, கோடவுனுக்குள் நெஞ்சளவு தண்ணீர் ஏறியது. வடிந்தபின் ஷட்டரைத் திறந்தோம். அண்ணாச்சி ஒரு கசவுக் கட்டைத் தூக்கினார். சாக்கடை ஒழுகியது. அப்படியே கீழே வைத்தார்.

அப்போது ஒருவர் முழங்கால் சேற்றோடு வந்து நின்றார். பக்கத்துச் சந்தில் சுவர் இடிந்திருந்தது.

“ஒரு கோடி வேணும். சுவரு விழுந்து அம்மை போயி.”

தெருவில் எந்தக் கடையிலும் காய்ந்த துணி இல்லை. சேல்ஸில் நிற்கும் சரோஜம் அக்கா, “அலசி இஸ்திரி போட்டுத் தரட்டே?” என்றார்.

“அலக்கினா பின்ன அது கோடியா, சேச்சி?” என்றார் வந்தவர்.

நான் சேற்றுக்குள் கைவிட்டு ஒரு பாக்கெட்டை இழுத்துத் துடைத்தேன். உள்ளே துணி வெள்ளையாக இருந்தது. பிரித்துக் காட்டக் கத்தரியை எடுத்தேன்.

“கீறாதே, மோளே. வீட்டிலயும் தண்ணிதான். அப்படியே தா.”

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் கோடி முழுவதும் தீர்ந்தது. எல்லாவற்றையும் அண்ணாச்சியே எடுத்துக் கொடுத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. சரக்கு போன நஷ்டத்தில், ஓணத்துக்கு முன்பே கடையையே மூடிவிட்டார். சரோஜம் அக்காவுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மெஷின் துணியைக் காயவைக்காது; ஈரத்தோடு அடைத்தால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். மழை வந்தபிறகு செய்ய இதில் ஒன்றுமில்லை.

சொந்தமாகப் பேக்கிங் செய்ய வலியசாலையில் ஒரு மாடி அறை எடுத்திருக்கிறேன். அண்ணாச்சியிடம் வாங்கிய மெஷினை அப்பா தலையில் சுமந்து ஏற்றினார். பெயர்ப்பலகையில் என் பெயர். ஆரியசாலையின் இன்னொரு கடைக்காரர் தந்த கசவு முழுவதையும், பாதிக் காற்றை மட்டும் எடுத்து, இந்த மழைக்கு முன்பே சீல் வைத்துவிட்டேன்.