மான் கடித்த நட்சத்திரம்

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் தென்னங்குருத்தோலையில் பின்னிய ஒரு நட்சத்திரம். ஓலை காய்ந்து கபில நிறமாகிவிட்டது. ஐந்து முனைகளில் ஒன்று பாதியோடு நிற்கிறது. யேசு பிறந்த நத்தார் நெருங்கினால் அதை வெளியே எடுப்பேன். இந்தக் குப்பை எதற்கு என்று மருமகள் வாய்விட்டுக் கேட்பதில்லை, பார்வையால் கேட்பாள். அந்த முனையைத் தின்றது ஒரு மான். நட்சத்திரத்தைப் பின்னியவர் என் அண்ணனின் மனைவி. நான் அவரை மச்சாள் என்பேன், அவரும் என்னை மச்சாள் என்பார்.

மச்சாள் திரியாயில் வயல் செய்கிற சைவக் குடும்பத்துப் பெண். அண்ணனைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் பெற்றுத் திருகோணமலை நகரத்துக்கு வந்து நான்கு வருடமாகியும், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அவருக்கு உட்காரக் கடைசி வாங்குதான். பீடத்துக்குப் பூ வைக்க, கோயில் கூட்ட என்று பெண்கள் சபை எல்லாருக்கும் முறை வைத்திருந்தது. மச்சாளுக்கு மட்டும் முறை வரவே இல்லை. நேற்று வந்தவள் என்பதுதான் காரணம். அதை யாரும் சொல்லவில்லை. நானும் பெரிய நீதிமான் இல்லை. துறைமுகக் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்து வேலை கிடைத்த மிதப்பில் இருந்த எனக்கு, அவர் சிலுவை அடையாளம் போடும்போது கை தடுமாறுவது ஒரு பகிடி.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். கடைகளில் மினுங்கல் தாள் இல்லை. சபைத் தலைவி வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த சோடனைகளையும் கறையான் அரித்துவிட்டது. இந்த முறை பாலன் குடிலைச் சோடிக்காமல் விடுவோம் என்று பங்குச் சுவாமி கூட்டத்தில் சொன்னபோது, கடைசி வாங்கிலிருந்து மச்சாள் எழும்பினார்.

"நான் செய்யிறன் சுவாமி. வளவில கிடக்கிறதுகளை வைச்சுச் செய்வன்."

இது தேர்த்திருவிழாத் தோரணம் இல்லை என்று தலைவி சிரித்தபடி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மச்சாள் வாங்கில் திரும்ப இருக்கவில்லை, சுவாமி ஓம் என்று சொல்லும்வரை நின்றார். சபை முழுவதும் பார்க்கக் கேட்டு வாங்கிய வேலை. பிழையாய்ப் போனால் ஆயுள் முழுக்கக் கடைசி வாங்குதான். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பத்து நாள் வீட்டு வளவிலேயே கிடந்தார். குருத்தோலையில் நட்சத்திரமும் கிளியும் பின்னினார். மாவிலை மாலை கட்டினார். குடிலுக்குப் புல்தரை வேண்டும் என்று சிரட்டைகளில் நெல் முளைக்கப் போட்டார். பாலனைக் கிடத்த வைக்கோல், திரியாயிலிருந்து பஸ்ஸில் வந்தது. நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர், கோயில் வாசல் கொட்டிலில் எல்லாவற்றையும் கட்டி முடித்தோம். பச்சைப்பசேலென்று இருந்தது.

மறுநாள் காலை போனால், குடிலுக்குள் நான்கு மான்கள். நெல்முளை இல்லை, வைக்கோல் இல்லை, மாவிலை இல்லை. கடைசி நட்சத்திரத்தை நான் ஒரு மானின் வாயிலிருந்து இழுத்து எடுத்தேன்.

எங்கள் ஊர்த் தெருக்களில் மான்கள் மாடுபோலத் திரியும், மச்சாளும் கண்டவர்தான். ஆனால் அவர் வயலில் காவல் இருந்து பழகியது பன்றிக்கும் யானைக்கும். கோட்டைப் பக்கத்து மான்கள் பச்சை கண்டால் வாசல் தாண்டி வரும் என்று, இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்க வேண்டும். கரிசனையோடு பார்த்திருந்தால் நினைவு வந்திருக்கும். வேடிக்கை பார்த்ததால் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

தலைவி வந்து பார்த்து, பாவம், கூட்டிவிடுங்கள் என்று சொல்லிப் போனார். மச்சாள் அழவில்லை. வெறும் கொட்டிலைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"மான் தின்னாததுகளைப் பொறுக்குவம் மச்சாள். வாங்கோ."

அன்று நான் கந்தோருக்கு லீவு போட்டேன். வாடைக்காற்று விழுத்தியதையெல்லாம் இரண்டு பேரும் மழையில் நனைந்து பொறுக்கினோம். தென்னம் பன்னாடையைக் கத்தரித்து ஈர்க்கால் குத்தி, தேவதூதர்களான சம்மனசுகளுக்குச் சிறகு செய்தோம். சவுக்கங்காயும் மஞ்சாடி விதையும் மாலையாயின. மச்சாள் தன் தலையணையைக் கிழித்து எடுத்த இலவம்பஞ்சை வாதுமை மரத்துக் கொட்டங்காய்களில் ஒட்டினார். ஆட்டுமந்தை ஒன்று எழும்பி நின்றது. பாலனைக் கிடத்த மட்டும் வைக்கோல் இல்லை. அதற்கு ஒரு காய்ந்த தென்னம்பாளையை மணலில் சாய்த்து வைத்தார். எஞ்சிய நட்சத்திரத்தை நான்தான் மேலே கட்டினேன், கடித்த முனை தெரியாதபடி. அவர் எட்டி அதைத் திருப்பினார்.

"கடிச்ச பக்கம் தெரியட்டும். விட்டிட்டு ஓடேல்லை எண்டு தெரியட்டும்."

நத்தாருக்கு முதல்நாளான அன்று பின்னேரமே கடற்தொழில் செய்கிற சனம் குடில் பார்க்க வந்தது. வழக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அன்று நகரவில்லை. தோணிகளுக்குச் சொந்தக்காரரான வயதான சம்மாட்டி ஒருவர் பாளையைக் காட்டி, "பாலனை எங்கட தோணியில கிடத்தப் போறாய் பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு தெரு முழுவதும் வந்தது. நான் வாசலில் நின்று, இது என் மச்சாள் செய்தது என்று வந்தவர் எல்லாருக்கும் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

பாலன் சுரூபத்தைக் குடிலுக்குக் கொண்டுபோய் வைப்பது, நத்தார் நடுச்சாமப் பூசையில் சபைத் தலைவியின் உரிமை. அன்று தலைவி சுரூபத்தோடு கடைசி வாங்குவரை நடந்து வந்து நின்றார்.

"நீங்களே கொண்டுபோய் வையுங்கோ," என்றார்.

மச்சாள் கோயிலின் நடுவால் நடந்தார். பாளைத் தோணியில் பாலனைக் கிடத்திவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். கை தடுமாறவில்லை. அடுத்த வருடத்திலிருந்து குடில் அவருடையது. தலைவியே எங்கள் வளவில் வந்து குந்தியிருந்து பன்னாடை கத்தரித்தார்.

இந்த வருடமும் பெட்டியைத் திறந்தேன். மருமகள் நல்ல பிள்ளை. நட்சத்திரத்தை வாங்கி, கடையில் வாங்கிய மின்குமிழ் மாலைக்கு நடுவில் தானே கட்டினாள், உடைந்த முனை சுவர்ப் பக்கம் போகும்படி பார்த்து. அவள் குசினிக்குள் போனதும் கதிரையை இழுத்துப் போட்டு, இந்த வயதில் அதில் ஏறி, திருப்பிவிட்டேன்.