சுருளி வந்த பஸ்

கோம்பையில் கொப்பரைக் களத்து வேலைக்குப் போகிறவள் முத்துலட்சுமி. வரப்புத் தகராறில் பக்கத்துத் தோட்டக்காரர் சுந்தரலிங்கத்தை வெட்டிக் கொன்றுவிட்டு அவளுடைய அண்ணன் சுருளி ஜெயிலுக்குப் போனதோடு, அவளுக்கு வந்துகொண்டிருந்த வரன்களும் நின்றுபோயின. மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணனைப் பார்த்துவிட்டு வருவாள். ஊரில் யாரும் அவளோடு சண்டைக்கு வரவில்லை. பேசவும் இல்லை.

ஜெயில் வாசலில் காத்திருந்தபோதுதான் ஜெபஷீலா பழக்கமானார். தேனியில் கல்லூரி ஆசிரியை. சிறைக்குப் போனவர்களின் வீட்டாரையும் அவர்களால் உயிரைப் பறிகொடுத்தவர்களின் வீட்டாரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஒரு பழைய கிரேக்க நாடகத்தை வாசித்துக் காட்டிப் பேசவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். அந்த நாடகத்தில், ஆளுகிறவனை மீறியவனைப் பாறையில் சங்கிலியால் பிணைத்திருக்கிறார்கள். பார்க்க வந்த பெண்கள் அவனை விட்டுப் போக மறுக்கிறார்கள். அந்தப் பெண்களில் ஒருத்திக்கான வரிகளை முத்துலட்சுமி வாசிக்க ஒப்புக்கொண்டாள்.

பழனிசெட்டிபட்டி மண்டபத்தில் வாசிப்பு நடந்தது. சுருளிக்கு விடுதலை உத்தரவு வந்திருந்த நேரம். வாசித்து முடித்ததும் சிலர் அழுதார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். சுந்தரலிங்கத்தின் மகன் மதன்குமார்.

"சங்கிலியில கெடந்தவனுக்காக எல்லாரும் அழுதீக. செத்தவனுக்கு இந்த நாடகத்துல ஒரு வரிகூட இல்லையே" என்றான். பிறகு முத்துலட்சுமியைப் பார்த்தான். "உங்கண்ணன் எந்த பஸ்ல வாராக?"

மரியாதையாகத்தான் கேட்டான். ஜெபஷீலா மைக்கை வாங்கக் கை நீட்டினார். முத்துலட்சுமி கொடுக்கவில்லை.

"திங்கக்கிழம மத்தியானம், தேனி பஸ்ல. நானும் கூட வருவேன். நீயும் வாப்பா" என்றாள்.

ஏன் சொன்னோம் என்று வீடு வரும்வரை தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒளித்துவைத்தால் மட்டும் அவன் தேடாமல் இருப்பானா என்றும் தோன்றியது.

திங்கட்கிழமை, பஸ்ஸிலேயே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வழியில் இறங்கிவிடலாமா என்று கேட்டாள். சுருளி வேண்டாமென்று தலையாட்டினான்.

கோம்பை நிறுத்தத்தில் டீக்கடை பாதி ஷட்டரை இறக்கியிருந்தது. மதன்குமார் பைக்கில் சாய்ந்து நின்றான். பஸ் கிளம்பிப் போனபின் அருகில் வந்தான். அப்பனின் அதே முகம். சுருளி தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கப்பா கடைசியா என்ன சொன்னாக?"

சுருளி நிமிராமலே சொன்னான். "தண்ணி கேட்டாக."

"குடுத்தியா?"

"இல்ல."

மதன்குமாரின் கை சட்டைக்குள் போனது. முத்துலட்சுமி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். கை வெறுமையாகவே வெளியே வந்தது. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு அந்த பைக் தினமும் சாயங்காலம் அவர்கள் தெருவுக்குள் மெதுவாக வந்து, வீட்டு முன்னால் நின்று, திரும்பிப் போகிறது. சில நாள் அவன் அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்பான். சுருளி வெளியே வந்து பதில் சொல்வான். சில நாள் மதன்குமார் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்த நாட்களில் முத்துலட்சுமி வாசலை விட்டு நகரமாட்டாள்.

வேறு ஊருக்குப் போய்விடலாமே என்று ஜெபஷீலா போனில் சொன்னார்.

"பயமாத்தான் இருக்கு டீச்சர்" என்றாள் முத்துலட்சுமி. "ஆனா அவன் இன்னும் கேட்டு முடிக்கல."