நெல்லுக் கிடங்கில் கோடை நாடகம்

திரை இழுக்கிறவனுக்கு நாடகம் தெரியாது. நடிகர்களின் முதுகு தெரியும், ஜனங்களின் இருமல் கேட்கும், அவ்வளவுதான். எந்த ஊரிலாவது மேடைக்குப் பின்னால் நின்று வேர்த்துக்கொண்டிருப்பவர்கள் இருந்தால், இது உங்களுக்கு. மற்றவர்களும் படிக்கலாம், குறுக்கே பேசாமல்.

ஏன் கோடையில்?

இந்த வேக்காட்டில், தகரக் கூரைக்கடியில் ஏன் நாடகம் என்று காரைக்காலுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். சம்பா நெல் போனபின் கிடங்கு காலி. மீன்பிடித் தடைக்காலம், மண்டபத்தூர்ப் படகெல்லாம் கரையில். பள்ளிக்கூடம் லீவு. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களும் லீவில் வீட்டில். ஊரே சும்மா இருப்பது அப்போதுதான். இதை முதலில் கவனித்தவர் கிடங்கின் சொந்தக்காரர், நெல் வியாபாரி. காலியாகக் கிடந்தால் எலிதான் குடித்தனம் பண்ணும், நீங்கள் பண்ணுங்கள் என்று நாடகப் பைத்தியம் பிடித்த இரண்டு வாத்தியார்களிடம் சாவியைக் கொடுத்தார். அப்படி ஆரம்பித்ததுதான்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த வருஷம் அவர் மகன் ஜமால் துபாயிலிருந்து வந்தார். சின்ன வயசில் வெளியூர் ஹாஸ்டல், அப்புறம் துபாய். எங்கள் நாடகம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. டைல்ஸ் வியாபாரி ஒருவர் வருஷம் முழுக்கக் கிடங்கைக் கேட்கிறாராம். கொடுத்துவிட்டால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. ஜமால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொன்னார்:

"அப்படி என்னதான் பண்றீங்க உள்ள? ஒருநாள் வந்து பாக்குறேண்ணே. பாத்துட்டுச் சொல்றேன்."

பாங்கு நேரம்

பள்ளிவாசலில் இரவுத் தொழுகைக்கு, இஷாவுக்கு, பாங்கு சொல்லி முடிகிறவரை மேடையில் யாரும் பேசுவதில்லை. ஆரம்பத்தில் திரையைப் போட்டோம். அது மூடுவதற்குள் பாங்கே முடிந்துவிடும். அதனால் யார் எப்படி நிற்கிறார்களோ அப்படியே நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

இந்த வருஷ நாடகத்தில் மாமனார் மருமகனை அடிக்கக் கை ஓங்கிய இடத்தில் பாங்கு. கை மேலேயே நின்றது. மாமனார் வரிச்சிக்குடிக்காரர், பஸ் கண்டக்டர். கம்பியைப் பிடித்தே பழகிய கை, ஆடவில்லை. மருமகன் கண்ணில் பயம் நிஜம், ஏனென்றால் முதல் நாள் அடி நிஜமாகவே விழுந்திருந்தது. வசனம் பேசும்போது கடலை கொறிக்கிற கூட்டம், சும்மா நிற்கும்போது வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நாடகம் முடிந்ததும், மீன் விற்கிற அஞ்சம்மா கண்டக்டரை வாசலில் மடக்கினாள். தடைக்காலம் முழுக்க முதல் வரிசை அவளுடையது.

"பேசாம நின்ன பாரு, அதான்யா நடிப்பு. மத்ததெல்லாம் சத்தம்."

வாய்க்கால் வழக்கு

கதையில் அண்ணன் தம்பிக்கு வாய்க்கால் தண்ணீரில் தகராறு. நெடுங்காட்டிலிருந்து அடுத்தடுத்த வயல்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். தம்பி பக்கம்தான் நியாயம் என்றார் ஒருவர். அதெப்படி என்று மற்றவர் எழுந்தார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

கடைசியில் இருவரும் மேடையில் நின்ற பஞ்சாயத்துத் தலைவரிடமே தீர்ப்புக் கேட்டார்கள். அந்த வேஷத்தில் இருந்தவர் வங்கியில் காசாளர். அவர் நிஜமாகவே யோசித்தார். யோசித்து, எழுதியிருந்ததற்கு நேர்மாறாகச் சொன்னார். எழுதிய வாத்தியார் என் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். வயல்காரர்களில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீங்க நாடகத்த முடிங்க. நாங்க வெளியில டீ குடிச்சுட்டே பேசி முடிச்சுக்கிறோம்."

திறக்காத திரை

ஜமால் சொல்லாமல் கொள்ளாமல் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்துத் திரை திறக்கவில்லை. என்னோடு கயிறு பிடிக்கிற வேலாயுதம் மண்டபத்தூர்ப் படகுக்காரர். காற்றில் திரை பறக்கிறதென்று கயிற்றைத் தூணில் கட்டி வைத்திருந்தார், படகைக் கட்டுகிற மாதிரி. நாங்கள் இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. மணி அடித்தாயிற்று. பொறுக்கமாட்டாமல் நடிகர்கள் உள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். போச்சு, டைல்ஸ்தான் என்று நினைத்தேன்.

ஆனால் ஒரு நாற்காலி நகரவில்லை. மூடிய துணியைப் பார்த்துக்கொண்டே அத்தனை பேரும் கேட்டார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்தார்கள்.

ஜமால் எழுந்து பின்பக்கம் வந்தார். "ஒண்ணுமே தெரியலயே. ஏண்ணே யாரும் எந்திரிச்சுப் போகல?"

"எனக்கும் அதாந் தம்பி தெரியல. கயித்தப் பிடிங்க."

பிடித்தார். மூன்று பேர் இழுத்தும் அசையாமல் போகவே, வேலாயுதம் கத்தியால் அறுத்தார். திரை மொத்தமாக மாமனார் தலையில் விழுந்தது. ஜமால் தன் இடத்துக்குத் திரும்பவே இல்லை. என் பக்கத்தில் நின்றே கடைசிவரை பார்த்தார். எல்லோரும் கலைந்தபின் மேடைப் பலகையைக் காலால் தட்டிப் பார்த்துச் சொன்னார்:

"டைல்ஸ் வரட்டும்ணே. மே, ஜூன் மட்டும் அந்தப் பெட்டியெல்லாம் மேடையா அடுக்கிக்குங்க, மேல பலகை போட்டு. அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் அவருக்குச் சாவி. ஆனா ஒண்ணு ஒடஞ்சாலும் உங்க தலையிலதான்."

ஆக, அடுத்த கோடைக்கு யாரும் குதிக்காத, யாரும் விழாத, யாரையும் யாரும் பிடித்துத் தள்ளாத கதை ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த ஊரில் அப்படி ஒன்று நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.